கோபமில்லாமல் துரத்தும் நாய்

வீட்டாரிடம் குழைந்து நிற்கும் ஒரு நாய், பூனையையோ முயலையோ கண்ட மாத்திரத்தில் பாய்ந்து துரத்தத் தொடங்கினால், அது மூர்க்கமாகிவிட்டது என்றே குடும்பத்தினர் அஞ்சுகிறார்கள். ஆனால் இரையைத் துரத்தத் தூண்டும் வேட்டைத் துடிப்புக்கும் மூர்க்கத்துக்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் ஃப்ளின்னும் அவருடைய சகாவும் 1962இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பூனையின் மூளை அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதியில் நடுப்பாகத்தை மின்சாரத்தால் தூண்டியபோது அது மயிர் சிலிர்த்துச் சீறி நகத்தால் அறைந்தது. பக்கவாட்டுப் பகுதியைத் தூண்டியபோதோ, சத்தமே இல்லாமல் பதுங்கிச் சென்று எலியைக் கடித்தது. நாய்களிடமும் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். அச்சத்தாலோ சினத்தாலோ தாக்க வரும் நாய் உறுமி, பல்லைக் காட்டி, எதிரியை விலகிப்போகச் சொல்கிறது. இரையைக் கண்ட நாய்க்கு அது விலகிப்போக வேண்டும் என்ற எண்ணமே கிடையாது.

அணிலைப் பார்த்துவிட்ட நாயைச் சற்று உற்றுக் கவனியுங்கள். மூச்சிரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடிக்கொள்ளும்; காதுகள் முன்னே திரும்பும்; தலை தோளின் மட்டத்துக்குத் தாழும்; ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடியே நிற்கும். கண்டுகொள்வது, உற்றுநோக்குவது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, கிழிப்பது, தின்பது என்று நீளும் ஒரு செயல்தொடரின் முதல் கணங்கள் இவை. உயிரியலாளர் ரேமண்ட் காப்பிஞ்சர் விரிவாக விளக்கிய இந்தத் தொடரை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்ததன் மூலம் வெட்டியும் நீட்டியும் இருக்கிறார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் காலியிடம் உற்றுநோக்குவதும் பதுங்குவதும் மிகைப்பட்டிருக்க, கடிக்கும் கட்டம் அடக்கப்பட்டிருக்கிறது. சுட்டு வீழ்த்திய பறவையைக் கவ்விவரும் ரெட்ரீவரிடம் கவ்வுதல் மிஞ்சியது, கொல்லுதல் தேய்ந்தது. எலி பிடிக்க வளர்க்கப்பட்ட டெரியர்களிடமோ கவ்வி உதறிக் கொல்வதுவரை தொடர் அறுபடாமல் ஓடுகிறது. ஆகவே வேட்டைத் துடிப்புள்ள நாய் என்று பொதுவாகச் சொல்வதைவிட, அதன் தொடர் எந்தக் கட்டம்வரை போகிறது என்று சொல்வதே பயனுள்ள தகவல்.

தண்டனை இங்கே ஏன் நல்ல வழியல்ல என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தேடலையும் துரத்தலையும் இயக்கும் மூளைச் சுற்றில், ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமின் என்ற வேதிப்பொருள் முக்கியப் பங்கு வகிக்கிறது. இரை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் துரத்துவதே நாய்க்குப் பரிசாகிவிடுகிறது. வயிறு நிறைந்திருப்பதால் அந்த ஆர்வம் அடங்கிவிடுவதில்லை. அடித்தாலோ, மின்னதிர்வுப் பட்டை மாட்டினாலோ, அந்த வலிக்குப் பூனைதான் காரணம் என்று நாய் கற்றுக்கொண்டு, இதுவரை இல்லாத வெறுப்பும் சேர்ந்துகொள்ளக்கூடும். உற்றுநோக்கும் கட்டத்திலேயே கூப்பிட்டுத் திருப்பி, திரும்பியதற்குச் சுவையான தின்பண்டம் கொடுக்கும் பயிற்சி உண்மையிலேயே உதவுகிறது. ஆயினும் அது ஆபத்தைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. நூறு முறை திரும்பிய நாய் ஒரு முறை திரும்பாமல் போனால், அந்த முயலுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. இந்த நிலையில் சிறு பிராணிகள் இல்லாத வீட்டுக்கு நாயைக் கொடுப்பதை நான் கைவிடுதலாகக் கருதவில்லை; இரு உயிர்களையும் காக்கும் முடிவு அது.

அந்த முடிவு பலிக்குமா என்பது பெரும்பாலும் பழைய வீட்டாரின் நேர்மையைப் பொறுத்தது. நாய் எதைத் துரத்தியது, கவ்வியதா, கொன்றதா, எவ்வளவு உயர வேலியைத் தாண்டியது, கூப்பிட்டபோது எந்தத் தூரத்தில் திரும்பியது என்பவற்றை மழுப்பாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல வீடு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் கொன்ற நிகழ்வை மறைப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்ததன் விலையைக் கொடுப்பது புதிய வீட்டின் பூனையும், மறுபடி இடம் மாறும் அதே நாயும்தான். வீட்டுப் பூனையோடு பழகிய நாய் எல்லாப் பூனைகளோடும் பழகும் என்றும் உறுதியளிக்கக் கூடாது, ஏனெனில் அது பழகியது அந்த ஒரு பூனையோடுதான். ஓடும் பூனை அதற்கு இரையாகவே தெரியலாம். குழந்தைகளைப் பற்றிய கேள்வியும் தவறாமல் வரும். பூனையைத் துரத்துவதை வைத்து நாய் மனிதரைத் தாக்கும் என்று முடிவுகட்ட முடியாது. எனினும் எந்த நாயையும் கைக்குழந்தையோடு தனியே விடலாகாது என்ற விதிக்கு இங்கே விலக்கே இல்லை.

புதிய இடத்தில் முதல் நாட்களில் நாய் அடக்கமாக இருப்பதை நம்பிவிடக் கூடாது. பழகாத சூழலின் மன அழுத்தத்தில் பல நாய்கள் ஒடுங்கிக் கிடக்கின்றன. இடம் தன்னுடையது என்று தோன்றிய பிறகே வேட்டைத் துடிப்பு தலைதூக்குகிறது. எனவே வேலி சோதிக்கப்படும்வரை, கூப்பிட்டால் வருவது உறுதிப்படும்வரை, நீளமான கயிற்றிலேயே வெளியே கூட்டிச்செல்ல வேண்டும். தெருவில் பூனைகள் அதிகமென்றால், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விட்டு, கடிப்பதை மட்டும் தடுக்கும் வாய்க்கூட்டை மெல்லப் பழக்கலாம். துடிப்புக்கு வடிகாலும் வேண்டும், அதை நாயின் வலுவான கட்டத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்: துரத்துவதில் பித்துள்ள நாய்க்குக் கழியில் கட்டி இழுக்கும் பொம்மை, கவ்வி உதறும் நாய்க்குக் கயிறிழுப்பு, மோப்பத்தில் மூழ்கும் நாய்க்குப் புல்லில் தூவிய உணவைத் தேடும் வேலை.