நிற்கத் தெரிந்த சக்கரம்

"நாழிகை வட்டில் என்பது ஓட்டைக் கிண்ணம்தானே? அதில் எந்திரம் என்று சொல்ல என்ன இருக்கிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வட்டிலைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அடியில் துளையிட்ட கிண்ணம் நீரில் மிதக்கும், நிரம்பும், மூழ்கும்; ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஆயிற்று. ஆனால் அதே நீரைக் கொண்டு சுமார் 12 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தையே கடிகாரமாக ஓட்டியிருக்கிறார்கள். இடம் சீனாவில் சோங் வம்சத்தின் தலைநகரான கைஃபெங். காலம் 11ஆம் நூற்றாண்டின் இறுதி.

கதை ஒரு பஞ்சாங்கப் பிழையில் தொடங்குகிறது. 1077இல் சூ சோங் என்ற அதிகாரி வடக்கே லியாவ் நாட்டுக்குத் தூதுவராகப் போனார். (வம்சத்தின் பெயரும் இவர் பெயரும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும், எழுத்து வேறு.) குளிர்காலச் சூரியத் திருப்ப நாள், அதாவது ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள், இரு நாட்டுப் பஞ்சாங்கங்களிலும் ஒரு நாள் தள்ளி இருந்தது. எந்த நாளில் விழா எடுப்பது? நள்ளிரவுக்குச் சற்று முன்போ பின்போ கணக்கு விழுந்தால் தேதியே மாறிவிடும், அவரவர் பஞ்சாங்கப்படி அவரவர் கொண்டாடலாம் என்று பேசி அங்கே சமாளித்தார். ஊர் திரும்பியதும் பேரரசர் கேட்டார்: யார் கணக்கு சரி? லியாவ் கணக்குதான் சரி என்றார் சூ சோங். வானியல் அலுவலகத்தார் தண்டிக்கப்பட்டார்கள்.

ஒரு நாள் பிசகியதற்கு இவ்வளவு பதற்றம் ஏன்? சீனப் பேரரசர் 'வானத்தின் மைந்தர்'. ஆளும் உரிமையே வானம் கொடுத்தது. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிடுவது அவருடைய அதிகாரத்தின் அடையாளம்; அதை ஏற்றுக்கொள்கிற நாடு அவருடைய மேலாண்மையை ஏற்றதாகப் பொருள். வால்மீன் வந்தால் ஆட்சிக்கு எச்சரிக்கை. தனியார் வானியல் கருவியோ நூலோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

1086இல் புதிய கருவி செய்யும் பொறுப்பு சூ சோங்கிடம் வந்தது. கணக்கில் தேர்ந்த ஹான் கோங்லியான் என்ற சிறு அதிகாரியை அவர் தேடிப் பிடித்தார். முதலில் மரத்தில் செய்து ஓட்டிப் பார்த்தார்கள். அது 1088இல் தயாரானது. அதற்குப் பிறகுதான் வெண்கலம் உருக்கினார்கள். செய்து பார்க்கவும் தவறிப் பார்க்கவும் அரசு பணமும் காலமும் கொடுத்தது. ஆய்வுக்கு ஒதுக்கும் பணம் முதல் ஆண்டிலேயே பலன் காட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் இந்த மர மாதிரியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கோபுரத்தின் உச்சியில் விண்மீன்களைக் குறிபார்க்கும் வெண்கல வளையக் கோளம். நடுத்தட்டில் விண்மீன்கள் பொறித்த உருண்டை. முன்புறம் ஐந்து அடுக்குகளில் மரப்பொம்மைகள் மணி அடிக்கும், முரசு கொட்டும், நேரம் எழுதிய பலகையோடு வந்து நிற்கும். இத்தனையையும் ஓட்டியது உள்ளே மறைந்திருந்த ஒரே சக்கரம். எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது அதுதான்.

விட்டம் 3 மீட்டருக்குச் சற்று மேல். விளிம்பைச் சுற்றி 36 வாளிகள். தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தால் அழுத்தம் குறைந்து ஒழுக்கும் குறையும் என்பது பள்ளிப் பாடம். அதனால் மட்டம் மாறாத இரண்டாவது தொட்டி ஒன்றை இடையில் வைத்து, அதிலிருந்து ஒரு வாளிக்குள் நீரை ஒழுகவிட்டார்கள். சாதாரண நீர்ச்சக்கரம் என்றால் தண்ணீர் விழ விழ ஓடிக்கொண்டே இருக்கும். இது ஓடாது. வாளியின் அடியில் ஒரு கவை, தராசுக்கோலின் ஒரு முனையில் இருந்தபடி அதைத் தாங்கி நிற்கிறது. கோலின் மறுமுனையில் எடைக்கல். நீரின் கனம் கல்லை மிஞ்சும்வரை எதுவும் அசையாது. மிஞ்சிய கணத்தில் கவை தாழ்கிறது, வாளி சாய்கிறது, சாயும்போது ஒரு நாக்கைத் தட்டுகிறது. அந்த நாக்கு ஒரு நீண்ட சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி மேலே போய் இன்னொரு கோலை இழுக்க, சக்கரத்தின் ஆரக்காலைத் தடுத்து நின்ற பூட்டு தூக்கிக்கொள்கிறது. ஏற்கெனவே நிரம்பிய வாளிகளின் கனத்தில் சக்கரம் சரேலென்று நகர்கிறது. சரியாக ஓர் ஆரக்கால் கடந்ததும் பூட்டு விழுந்து அடுத்ததைப் பிடித்துக்கொள்கிறது. அதிர்ச்சியில் சக்கரம் பின்னால் துள்ளாதபடி எதிர்ப்புறம் இன்னொரு பூட்டு. மறுபடி அமைதி. அடுத்த வாளியில் நீர் விழும் சத்தம் மட்டும்.

இந்தப் பொறியை மீண்டும் செய்து பார்த்தவர்களின் கணக்கில் சக்கரத்தின் ஒரு நகர்வுக்கு 24 நொடி, நாளுக்கு 3,600 நகர்வு. நம் பழைய கணக்கில் நாழிகையில் அறுபதில் ஒரு பங்கான விநாடியும் இன்றைய 24 நொடிதான், நாளுக்கு 3,600 விநாடிதான்! இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

ஐரோப்பாவில் பற்சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் கடிகாரங்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வருகின்றன. சீனத்திலும் சூ சோங் முதல்வர் அல்லர். 8ஆம் நூற்றாண்டில் யீ சிங் என்ற பௌத்தத் துறவி இவ்வழியில் ஒன்று செய்தார். 10ஆம் நூற்றாண்டில் ஜாங் சிசுன், குளிரில் நீர் உறைந்துவிடுகிறது என்று பாதரசத்தை ஊற்றி ஓட்டினார்.

1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் மக்களின் படை கைஃபெங்கைப் பிடித்தது. கோபுரத்தைக் கழற்றி இன்றைய பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வளையக் கோளத்தின் குறிபார்க்கும் குழாய் வானத்தோடு பொருந்தவில்லை. கைஃபெங் ஏறக்குறைய 35 பாகை வடக்கில், பெய்ஜிங் 40 பாகையில். வடக்கே போகப் போக வானத்தின் துருவம் மேலே ஏறும். வெண்கலக் கோளம் பழைய ஊரின் வானத்துக்கு வார்க்கப்பட்டது.

தெற்கே ஓடிய சோங் அரசவை, சூ சோங்கின் மகனையே அழைத்து இன்னொன்று செய்யச் சொன்னது. முடியவில்லை. வானத்தை அரண்மனைக்குள் பூட்டி வைத்ததன் விலை இது என்றே நான் நினைக்கிறேன். வால்மீன் பயமும் நாள் பார்ப்பதும் அந்தப் பூட்டுக்குக் காவல் நின்றன. பொறியைப் புரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தார்கள். அவர்கள் போனதும் கலையும் போயிற்று. பெரிய கருவி வாங்கப் பணம் ஒதுக்கிவிட்டு, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த இளைஞர்களை வளர்க்க மறக்கும் இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும்.

தப்பியது சூ சோங் எழுதிய விளக்க நூல். பாகம் பாகமாகப் படம் வரைந்து பெயர் எழுதியிருந்தார். 20ஆம் நூற்றாண்டில் சீன அறிவியல் வரலாற்றை ஆராய்ந்த ஆங்கிலேயர் ஜோசப் நீதாமும் வாங் லிங் முதலான கூட்டாளிகளும் அதை வரிவரியாகப் படித்து, தராசும் பூட்டும் சேர்ந்து என்ன செய்தன என்று விளங்கிக்கொண்டார்கள். தைவானின் தைச்சுங் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் 1993இல் முழு அளவில் ஒன்று எழுந்தது. கேள்வி கேட்ட வாசகி அந்தப் பக்கம் போக நேர்ந்தால், பொம்மைகளை விட்டுவிட்டு நேரே சக்கரத்தைப் போய்ப் பார்க்கட்டும்.