4,000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம்: ‘தி ஹூ’வை நேசிக்கும் கேட்பியல் நிபுணரின் குறிப்பு

செவித்திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராம் தாளில், 4,000 ஹெர்ட்ஸ் என்னும் உயர்சுருதி வரும் இடத்தில் கோடு சட்டென்று கீழே இறங்கி, 8,000 ஹெர்ட்ஸில் மறுபடியும் சற்று மேலேறி நின்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய காது பெருஞ்சத்தத்தோடு வாழ்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அந்தப் பள்ளத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் விசைத்தறிக் கூடங்களிலும் பட்டறைகளிலும் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள். இப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகளிடமும் அதைப் பார்க்கிறேன். விசாரித்தால் அவர்களில் பலரும் நாள் முழுதும் இயர்போனில் பாட்டுக் கேட்பவர்களாக இருக்கிறார்கள். அவர்களிடம் பாட்டுக் கேட்பதை நிறுத்துங்கள் என்று ஒருபோதும் நான் சொன்னதில்லை. உலகத்திலேயே மிக உரத்த இசைக்குழு என்று கின்னஸ் நூலில் பதிவான ஆங்கில ராக் குழு ஒன்றை நான் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக நெஞ்சார நேசித்து வருகிறேன். என் தொழிலில் நான் சொல்லும் எச்சரிக்கைகளில் பாதியை அந்தக் குழுவின் வாழ்க்கையிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

குழுவின் பெயர் ‘தி ஹூ’. மைசூரில் கேட்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, விடுதியில் அறைத்தோழன் வைத்திருந்த ஒலிநாடா வழியாக அது எனக்கு அறிமுகமானது. 1971-ல் வெளிவந்த ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ என்னும் தொகுப்பு அது. முதல் பாடலான ‘பாபா ஓ’ரைலி’ ஒரு சிற்றோடை கற்களின்மேல் துள்ளி ஓடுவதுபோல, ஓர் ஆர்கனின் சுழலும் ஓசையோடு தொடங்குகிறது. பலரும் அதைச் சின்தசைசர் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது லோரி என்னும் வீட்டு ஆர்கன், அதில் இருந்த ஒரு பொத்தான் தரும் துடிப்பு. அந்தச் சுழலுக்குமேல் பியானோ வந்து விழுகிறது, டிரம்ஸ் இணைகிறது, பிறகு ரோஜர் டால்ட்ரியின் குரல், கடைசியில் சற்றும் எதிர்பாராமல் ஒரு வயலின். பாட்டு முடிந்ததும் நாடாவைத் திருப்பி ஓட்டி மறுபடியும் கேட்டேன். அந்தத் தலைப்பில் இருக்கும் பாபா நம் நாட்டவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. புனேயில் பிறந்து, 1925 முதல் 1969-ல் மறையும்வரை பேசா நோன்பு காத்த மெஹர் பாபாவின் பெயரையும், அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் பெயரையும் இணைத்துத்தான் குழுவின் கிட்டார் கலைஞரும் பாடலாசிரியருமான பீட் டவுன்ஷெண்ட் அந்தத் தலைப்பை வைத்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் மௌனம் காத்த ஒருவரைக் குருவாகக் கொண்டவர்தான் மேடையில் அத்தனை சத்தத்தை எழுப்பினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் அன்பு கூடுகிறது.

அந்த ஒலிநாடா எனக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. ஒரு நாள் இரவு வாக்மேனில் ஹெட்போன் மாட்டி, ஒலியை உச்சத்தில் வைத்து மூன்று மணி நேரம் தொடர்ந்து கேட்டேன். மறுநாள் காலை செய்முறை வகுப்பு. மாணவர்கள் ஒருவரையொருவர் சோதித்துப் பழக வேண்டும். அன்று ஒலிபுகாச் சோதனைக் கூண்டுக்குள் அமர்ந்தது நான். என்னைச் சோதித்த வகுப்புத் தோழி 4,000 ஹெர்ட்ஸில் மும்முறை திரும்பத் திரும்ப ஒலியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைக் கவலையோடு பார்த்தாள். முந்தைய வாரத்தைவிட என் செவித்திறன் 20 டெசிபல் இறங்கியிருந்தது. இரண்டு நாளில் அளவு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இதைத் தற்காலிகச் செவித்திறன் இறக்கம் என்கிறோம். அளவு திரும்பிவிட்டதால் காதும் முழுமையாகத் திரும்பிவிட்டது என்றே அன்று நாங்கள் நம்பினோம். ஆடியோகிராம் சீரான பிறகும், செவிச்செல்களுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிரந்தரமாக அறுந்து போயிருக்கக்கூடும் என்பதைப் பிற்கால விலங்காய்வுகள் காட்டின. இன்றும் எல்லா விளக்கையும் அணைத்துப் படுத்தபின் என் இடக்காதில் மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்கிறது.

இந்தக் குழு ஏன் இத்தனை உரக்க வாசித்தது என்று கேட்டால், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1964-ல் லண்டனில் உருவான இந்தக் குழுவில் டவுன்ஷெண்ட், டால்ட்ரி, பேஸ் கிட்டார் வாசித்த ஜான் என்ட்விசில், டிரம்ஸ் வாசித்த கீத் மூன் என நால்வர். மூன் வாசிக்கத் தொடங்கினால் மற்றக் கருவிகள் அமுங்கிவிடும். அதற்கு ஈடுகொடுக்க என்ட்விசில் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டி வாங்குவார். அவரை மிஞ்ச டவுன்ஷெண்ட் அதைவிடப் பெரியது வாங்குவார். இருவரும் மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் போய், இன்னும் வலுவானது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ராக் மேடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் மார்ஷல் பெட்டிகளும், 100 வாட் ஆம்ப்ளிஃபயரும் 1965-ஐ ஒட்டிய அந்தப் போட்டியில் பிறந்தவைதான்.

அந்தப் போட்டியின் உச்சம் 1976 மே 31 அன்று, லண்டனின் சார்ல்டன் கால்பந்துத் திடலில் நிகழ்ந்தது. ஒலிபெருக்கிகளிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. டெசிபல் என்பது மீட்டர், கிலோபோலக் கூடும் அளவு அன்று. 3 டெசிபல் ஏறினால் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. எனவே காது தாங்கும் நேரமும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதியாகக் குறையும். 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்ற பணியிட அளவுகோலிலிருந்து கணக்கிட்டால் 100 டெசிபலுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அதே கணக்கில் 126 டெசிபலுக்கு ஏறத்தாழ இரண்டு வினாடிகள். அந்தத் திடலில் இருந்தவர்கள் முழு நிகழ்ச்சியையும் நின்று கேட்டார்கள். உரத்த இசைக்குழு என்ற பிரிவையே கின்னஸ் பின்னர் கைவிட்டது. காதைக் கெடுக்கும் போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்பதே காரணம்.

விலையை முதலில் கொடுத்தவர்கள் அவர்களேதான். என்ட்விசில் 2002-ல் மறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே செவித்திறனைப் பெரிதும் இழந்திருந்தார். டால்ட்ரி 2018-ல் அமெரிக்க மேடை ஒன்றிலிருந்து, தம் காது மிகவும் மந்தமாகிவிட்டது என்று சொல்லி, நிகழ்ச்சிக்கு வருபவர்கள் காதடைப்பான் அணிய வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். டவுன்ஷெண்ட் 1980-களின் இறுதியிலேயே தம் காதிரைச்சலை வெளிப்படையாகப் பேசத் தொடங்கி, இசைக்கலைஞர்களின் செவியைக் காக்க 1988-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ‘ஹியர்’ என்னும் அமைப்புக்குப் பண உதவி செய்தார். 1989 சுற்றுப்பயணத்தில் மின்கிட்டாரைப் பெரும்பாலும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தாம் ஒலிபெருக்கி தேவைப்படாத மரக்கிட்டாரை வாசித்தார். தன் அடையாளமாக இருந்த கருவியையே ஒருவர் காதுக்காகத் தள்ளி வைத்தார் என்பது சிறிய செய்தி அன்று.

ஆனால் நான் நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சொல்வது டவுன்ஷெண்ட் 2006-ஐ ஒட்டி எழுதிய வேறொரு செய்தி. தம் காது கெட்டதற்கு முதன்மைக் காரணம் மேடைச் சத்தம் அன்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் அணிந்த ஹெட்போன்தான் என்று அவர் அப்போது சொன்னார். கையடக்கக் கருவிகளில் பாட்டுக் கேட்கும் இளைஞர்களுக்கு அதையே எச்சரிக்கையாகவும் வைத்தார். உலகின் மிக உரத்த மேடையில் நின்றவர் ஹெட்போனைக் கைகாட்டுகிறார். கீத் மூனின் கடைசி ஆண்டான 1978-ல் படமாக்கப்பட்ட ஒரு காட்சியில், முன்பே பதிவான சின்தசைசர் ஓசையோடு தாளம் பிசகாமல் வாசிப்பதற்காக அவர் பெரிய ஹெட்போனை மாட்டி, அது நழுவாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒட்டுநாடா போட்டிருப்பார். அத்தனை டிரம்ஸ் ஓசையையும் மீறி அந்த ஹெட்போன் அவருக்குக் கேட்டாக வேண்டும் என்றால் அதன் அளவு என்னவாக இருந்திருக்கும் என்று, அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழில்புத்தி கணக்குப் போடுகிறது.

பேருந்தில் இயர்போனோடு பயணம் செய்பவருக்கு நேர்வதும் இதுவேதான். வெளியே இயந்திர இரைச்சலும் ஒலிப்பானும். அதற்குமேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்று கை தானாகவே ஒலியை ஏற்றுகிறது. இறங்கி வீட்டுக்குள் வந்த பிறகு அதே அளவில் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள். காதின் உட்பகுதியில் காக்ளியா என்னும் நத்தைச்சுருளுக்குள் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. மனிதருக்குப் பிறந்தபின் புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. பெருஞ்சத்தத்தில் முதலில் சாய்வன 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசைகளை வாங்கும் செல்கள். அதனால்தான் வருபவர்கள் காது கேட்கவில்லை என்று சொல்வதில்லை. “சத்தம் கேக்குது சார், பேச்சுதான் புரிய மாட்டேங்குது” என்பார்கள். உயிரெழுத்துகளின் ஓசை அப்படியே இருக்கும். மெய்யெழுத்துகளின் கூர்மை போய்விடும். ‘பல்’ என்றால் ‘கல்’ என்று கேட்கும், கல்யாண மண்டபத்தில் எதிரே நிற்பவர் பேசுவது வெறும் முணுமுணுப்பாகும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு அதுவே 75 டெசிபல். இசை நிகழ்ச்சி அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் 2022-ல் அது வரையறுத்தது. பல கைபேசிகள் இப்போது ஹெட்போன் அளவை வாரக் கணக்காகவே காட்டுகின்றன. அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நிகழ்ச்சிக்குப் போய்வந்தபின் காதிரைச்சலோ அடைப்போ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தாமதிக்கத் தாமதிக்கச் சிகிச்சைக்குப் பலன் குறையும்.

ஒலியைக் குறைத்தால் இசையின் உயிர் போய்விடும் என்று சொல்பவர்களிடம் மட்டும் நான் ஒரு ரசிகனாக வாதாடுவேன். ‘தி ஹூ’வின் பெருமை சத்தத்தில் இல்லை. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவான அவர்களுடைய நிகழ்ச்சியை, அமைதியான அறையில், பாதிக்கும் குறைவான ஒலியில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கிட்டார், மறுபக்கம் பேஸ், நடுவே டிரம்ஸ். மேடையில் கருவிகள் மூன்றே மூன்று. மற்றக் குழுக்களில் பேஸ் கிட்டார் தரையாகக் கிடக்கும். இங்கே என்ட்விசில் விரல்கள் முன்னணிக் கிட்டார்போல ஓடுகின்றன, டவுன்ஷெண்ட் கிட்டார் நரம்புகளை ஓங்கி மீட்டிவிட்டு இடம் விடுகிறார், மூன் தாளத்தைக் காப்பதைவிடப் பாடகரின் சொற்களைத் துரத்திக்கொண்டு போகிறார். உச்சத்தில் வைத்துக் கேட்ட இளமையில் இதில் ஒன்றும் என் காதுக்கு எட்டியதில்லை. எல்லாம் ஒரே இடியாகவே விழுந்தது. நாற்பது வயதுக்குமேல் ஒலியைக் குறைத்த பிறகே, நான் இத்தனை காலம் நேசித்தவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதை முழுமையாகக் கேட்டேன்.

மதுரையில் உள்ள என் அறைக்குச் சில ஆண்டுகளுக்குமுன் மெல்லிசைக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி ஒருவர் வந்தார். வயது முப்பத்தொன்று. இரு காதிலும் பள்ளம் இருந்தது, இடக்காதில் ஆழம் கூடுதல். இடப்புறம், காதுக்கு ஒரு முழ தூரத்தில், ஹை-ஹாட் தட்டுகளை இரவு முழுதும் அடிப்பவருக்கு அப்படித்தான் இருக்கும். பஞ்சு வைத்துப் பார்த்ததாகவும், எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல இருந்ததால் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். பஞ்சு, மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பான் ஆகியவை மேல்சுருதி ஓசைகளையே அதிகம் விழுங்குகின்றன. இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்யப்படும் காதடைப்பான், எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில் இறக்கித் தரும். காதின் அச்செடுத்து அவருக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்தோம். முதல் இரண்டு கச்சேரிகள் சிரமமாக இருந்ததாகத் தொலைபேசியில் சொன்னார், பிறகு பழகிவிட்டது.

ஆறு மாதம் கழித்து மறுசோதனைக்கு வந்தபோது கோடு மேலும் இறங்காமல் பழைய இடத்திலேயே நின்றது. தாளைக் கையில் கொடுத்துவிட்டு, மேசைமேல் இருந்த சின்ன ஒலிபெருக்கியில், பேச்சுக்குரல் அளவுக்கு, ‘பாபா ஓ’ரைலி’யைப் போட்டேன். அவர் அதற்குமுன் அந்தக் குழுவைக் கேட்டதில்லை. ஆர்கன் சுழல் முடிந்து மூன் உள்ளே வந்ததும் அவருடைய இரண்டு கைகளும் தொடையில் தட்டத் தொடங்கின. சிறிது நேரத்தில் இடக்கை மட்டும் நின்றது. தலையைச் சாய்த்து இன்னும் கூர்ந்து கேட்டுவிட்டு, “சார், இவர் வாசிக்கிறதுல ஹை-ஹாட்டையே காணோமே, அத விட்டுட்டு எப்படி சார் ஓட்டுறார்?” என்று கேட்டார். மூன் ஹை-ஹாட்டை அரிதாகத்தான் தொடுவார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்.