பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

செய்முறைத் தேர்வு நெருங்கும் வாரத்தில் மருத்துவக் கல்லூரித் துறை அலுவலகங்களின் வாசலில் கூட்டம் கூடும். மாணவர்கள் கையில் லாக் புக், அதாவது செய்த பயிற்சிகளை எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் ஏடு. உள்ளே பேராசிரியர் போனில் பேசிக்கொண்டே பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், பெரும்பாலும் எல்லா இடத்திலும் இதே கதைதான்.

2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறியது. சில திறன்களை மாணவர் தானாகவே சரியாகச் செய்கிறார் என்று ஆசிரியர் சான்று தர வேண்டும் என்பது அதன் முக்கியமான பகுதி. அந்தச் சான்றைத்தான் பார்க்காமலேயே கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவிப்பது என் வேலைகளில் ஒன்று. அங்கே நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பாம்பன் பக்கம் ஒரு மருத்துவ முகாம். கடற்பாசி எடுத்துவிட்டுக் கரை திரும்பிய பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டபடி, விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல் வரிசையில் நின்றார்கள். இறுதியாண்டு மாணவி ஒருவர் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னத்தா, இப்பத்தான் வள்ளத்த விட்டு எறங்கி ஓடியாறேன், அதுக்குள்ள பாக்கணுமா?" என்றார் ஒரு அக்கா. மாணவி சிரித்துவிட்டு, ஈரச் சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார். அக்காவின் கை தொங்கிக்கொண்டிருந்தது, பேச்சும் நிற்கவில்லை. மேல் அளவு 150-ஐத் தாண்டியது. சீட்டில் 'ரத்தக்கொதிப்பு' என்று எழுதப் போனார்.

நிறுத்தச் சொன்னேன். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்தோம். பாதம் தரையில், கை மேசையின் மேல் இதய மட்டத்தில். மறைப்புக்குப் பின்னால் போய்ச் சட்டையிலிருந்து அந்தக் கையை மட்டும் எடுக்கச் சொன்னோம். சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கையை இறுக்கி அளவைக் கெடுக்கும். இப்போது 130-களில் வந்தது. பேசிக்கொண்டிருந்தாலோ, கை தாங்கலின்றித் தொங்கினாலோ அளவு 10 மி.மீ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டலாம். இரண்டும் சேர்ந்தால், தேவையில்லாத மாத்திரை ஒருவர் வீட்டுக்குப் போய்விடும்.

அந்த மாணவிக்குப் பாடம் தெரியாமல் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பார். 1990-ல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் வரைந்த பிரமிடு இந்த இடைவெளியைத்தான் சொல்கிறது: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்ட முடியும், நிஜத்தில் செய்கிறார் என நான்கு படிகள். நம் தேர்வுகள் முதல் இரண்டு படிகளிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. மேல் படிக்கு ஏற, யாராவது பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும்.

"ஓ.பி.யில், புறநோயாளிகள் பிரிவில், நூறு பேர் காத்திருக்கும்போது நின்று பார்க்க நேரம் ஏது சார்?" என்று பயிற்சிக்கு வருபவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லா மாணவரையும் எல்லா நாளும் பார்க்க வேண்டாம். ஒரு ஓ.பி.க்கு ஒரு மாணவர், ஒரு நோயாளி, ஒரே ஒரு வேலை, ஐந்து நிமிடம். முடிந்ததும் தனியாக அழைத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். 'நல்லா பண்ணுன' என்பதில் மாணவருக்கு எதுவும் கிடைக்காது. 'பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றினாய், அடுத்த நோயாளிக்கு மாற்றிச் செய், நான் பார்க்கிறேன்' என்றால் கிடைக்கும். 1995-ல் ஜான் நார்சினி குழுவினர் அறிமுகப்படுத்திய, நோயாளியோடு வேலை செய்வதைச் சற்று நேரம் நேரில் கவனித்து மதிப்பிடும் மினி சி.இ.எக்ஸ். முறையின் சாரமும் இதுதான். அப்புறம், பார்ப்பவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மூர்க் கிராம சுகாதார செவிலியர்கள் பலர் பிரஷர் பார்ப்பதில் நம் பயிற்சி மருத்துவர்களை விடக் கெட்டிக்காரர்கள். அவர்களும் கவனித்துக் குறிப்பு எழுதட்டும்.

தேர்விலும் இந்தக் கடற்கரை தெரிய வேண்டும். நிலையம் நிலையமாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் ஆஸ்கி என்கிற தேர்வை ரொனால்ட் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கொண்டுவந்தார். 1975-ல் அதைப் பற்றி எழுதினார். அதை வைக்கும் நாம், எங்கிருந்தோ வந்த கேள்வித்தாளையே நிலையமாக மாற்றுகிறோம். திருக்கை முள் குத்திய மீனவர் ஒருவரை ஒரு நிலையத்தில் உட்கார வையுங்கள். 'விஷம் வெப்பத்தில் சிதையும் புரதம்' என்று மாணவர் சொல்வார். சரி, வெந்நீர் வை என்று சொல்லுங்கள். சுமார் 45 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, வலி தணியும் வரை, அதிகபட்சம் 90 நிமிடம். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காமல் போகலாம் என்பதால், நீரில் முதலில் அடிபடாத காலை வைத்துப் பார்க்கச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். வாயால் பதில் சொல்லி வாங்க முடியாத மதிப்பெண் அது.

கல்வி ஆராய்ச்சி செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டறை முடிந்த மாலையே 'பயனுள்ளதாக இருந்ததா?' என்று படிவம் கொடுத்து, பெரும்பாலோர் 'ஆம்' என்றதைக் கட்டுரையாக்குகிறோம். பயிற்சியின் பலனை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில் இது வெறும் முதல் நிலை. கற்றார்களா, வேலையில் மாறினார்களா, நோயாளிக்குப் பலன் உண்டா என்பவை அதற்கு மேலே இருக்கின்றன. மூன்றாவது நிலையைப் பார்க்கச் சில மாதம் கழித்து வார்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குத்தான் யாருக்கும் மனசு வருவதில்லை.

இன்னொன்று, ஆய்வுக்குச் சம்மதம் கேட்பவரும் இன்டர்னல் மதிப்பெண் போடுபவரும் ஒரே ஆளாக இருந்தால், மாணவர் 'முடியாது' என்று சொல்லவே மாட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், இப்படி மேலதிகாரத்துக்குக் கீழே இருப்பவர்களைக் கூடுதல் பாதுகாப்புக்குரியவர்களாகவே பார்க்கின்றன. ஆகவே நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல் போன பிறகு படிவத்தைக் கொடுங்கள். அதைக் கொடுத்து வாங்குபவர் அந்த மாணவர்களுக்குப் பாடம் எடுக்காத வேறொருவராக இருக்கட்டும்.