வீட்டில் மாடு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

காலை ஆறு மணிக்குப் போன். "டாக்டருங்களா? மாடு கன்னு வீசிப்போடுச்சுங்க. ஏழு மாசச் செனைங்க. போன மாசம் சந்தையில புடிச்சதுங்க."

தாராபுரம் பக்கத்தில் ஒரு தோட்டம். நான் போய்ச் சேர்வதற்குள் அவரே செத்த கன்றை வெறுங்கையால் இழுத்து வெளியே போட்டிருந்தார். நஞ்சுக்கொடி முழுதாக விழாமல் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கட்டுத்தறியில் தண்ணீரை ஊற்றி விளக்குமாற்றால் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தெறித்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தார். மாட்டின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். "செய்யலாமுங்க, மொதல்ல மாடு தேறட்டும்" என்றார் தோட்டக்காரர். சரி என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கு நான் விட்டிருக்கக் கூடாது.

மூன்று மாதம் கழித்து அதே தோட்டத்திலிருந்து இன்னொரு மாடு வீசிவிட்டது என்று அழைப்பு. இந்த முறை அவர் எழுந்து வரவில்லை, திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சாயங்காலம் காய்ச்சல் வரும், காலையில் இருக்காது. நாலு நாள் நன்றாக இருப்பார், மறுபடி ஆரம்பித்துவிடும். வைடால் டெஸ்ட் எடுத்து டைஃபாய்டு என்று இரண்டு தடவை மருந்து கொடுத்திருந்தார்கள். மூட்டு வலிக்கு ஒரு மருத்துவர், இடுப்பு வலிக்கு இன்னொருவர். அவர் மனைவிதான் அந்த வார்த்தையைச் சொன்னார்: "ராத்திரியில தலகாணி நனைஞ்சு போவுதுங்க. வேர்வை ஒரு மாதிரி நாத்தமுங்க. மழையில நனைஞ்ச வைக்கோல் இருக்குதில்லைங்க, அந்த நாத்தம்."

கல்லூரியில் படித்த பாடத்தில் கிட்டத்தட்ட இதே வரி உண்டு. நனைந்த வைக்கோல் வாடை. மாட்டுக்காரரின் மனைவிக்கு அந்த உவமையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"காய்ச்சலுக்குப் போன இடத்தில், மாடு கன்று வீசியதைச் சொன்னீங்களா?" என்று கேட்டேன். "அவங்க கேக்கலைங்க, நானும் சொல்லலைங்க. மனுசக் காய்ச்சலுக்கு மாட்டப் பத்தி எதுக்குங்க?" என்றார்.

பன்னிரண்டு மாடுகளிடமும் இரத்தம் எடுத்தேன். புருசெல்லா என்ற கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் ரோஸ் பெங்கால் பரிசோதனையில் மூன்றுக்குப் பாசிட்டிவ். அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, புருசெல்லாவுக்கான பரிசோதனையைச் செய்யச் சொல்லிப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அதுவேதான். டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து 6 வாரம் சாப்பிட்டார். பத்தே நாளில் காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், மனைவி விடவில்லை. பாதியில் விட்டால் திரும்பி வரக்கூடிய நோய் இது. முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆண்களுக்கு விரையில் வீக்கம் வரும்.

இதன் பெயர் புருசெல்லோசிஸ். எங்கள் துறையில் கன்று வீச்சு நோய் என்போம். மாட்டின் கருப்பைதான் இந்தக் கிருமிக்கு விருந்து வீடு. சினை ஐந்து மாதத்தைத் தாண்டியதும் நஞ்சுக்கொடியில் கோடிக்கணக்கில் பெருகிக் கன்றை வீசவைக்கும். பெரும்பாலான மாடுகள் ஒரு முறைதான் வீசும். அடுத்த ஈற்றில் கன்று உயிரோடு பிறக்கும், பால் கறக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். கிருமி மட்டும் பாலிலும் ஈனும்போது வரும் கழிவிலும் வந்துகொண்டே இருக்கும். மாடு நலமாகத் தெரிவதுதான் இதில் ஆபத்தே.

ஆடும் அப்படித்தான். மத்தியதரைக் கடலில் மால்டா என்று ஒரு குட்டித் தீவு. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்த காய்ச்சலின் கிருமியை 1887ல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய மேலும் 18 வருடம் ஆனது. 1905ல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மித் என்ற உள்ளூர் மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து கொடுத்த, எந்தக் குறையும் தெரியாத ஆடுகள். பாளையத்தில் ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களிடையே காய்ச்சல் வெகுவாகக் குறைந்துவிட்டது.

நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கம் குறைவு. பொங்கவிட்டு இறக்குவது நம் வீடுகளில் அனிச்சையாக நடப்பது, அது நம்மை நிறையவே காப்பாற்றியிருக்கிறது. இப்போது நகரத்தில் சிலர் 'பண்ணையிலிருந்து நேராக' என்று கண்ணாடிப் பாட்டிலில் வாங்கி, சத்து போய்விடுமாம் என்று பச்சையாகவே குடிக்கிறார்கள். அவர்களிடம் பேசி எனக்கு அலுத்துவிட்டது. காய்ச்சுங்கள், அவ்வளவுதான்.

மாடு வளர்ப்பவருக்கு நோய் வருவது பெரும்பாலும் பால் வழியாக இல்லை, கை வழியாக. சிராய்ப்பு, நகக்கண், தெறித்து விழும் துளி இதெல்லாம் போதும். இது எனக்கும் பொருந்தும். நஞ்சுக்கொடி விழாத மாட்டுக்குத் தோள்வரை கையை விட்டு எடுப்பது எங்கள் தினசரி வேலை. பணியில் சேர்ந்த புதிதில் கையுறை தீர்ந்துபோனால் சோப்பைத் தேய்த்துக்கொண்டு வெறுங்கையால் எடுத்திருக்கிறேன். அப்போது அதை வீரம் என்று நினைத்திருந்தேன்.

சரி, நோய் பழையது. புதிதாக என்ன நடந்தது? அந்தத் தோட்டக்காரரின் அப்பா காலத்தில் வீட்டில் இரண்டு காங்கேயம் பசு, ஒரு ஜோடி காளை. கொறங்காட்டில் மேய்ந்தன. வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே வளர்ந்த மாடுகள், வெளி மாடு உள்ளே வருவது அபூர்வம். இப்போது பன்னிரண்டு கலப்பின மாடுகள் ஒரே கொட்டகையில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பாதிக்கு மேல் வெவ்வேறு சந்தைகளில், வெவ்வேறு தரகர்கள் வழியாக வந்தவை. சொசைட்டிக்குப் பால் குறையக் கூடாது, கடன் தவணை நிற்கக் கூடாது, அதனால் ஒன்று வற்றினால் இன்னொன்றைப் பிடித்து வருகிறார். 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருந்த சுமார் 95 லட்சம் மாடுகளில் பெரும்பகுதி கலப்பினம்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாலில்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படித்தார்கள். நவீனம் எல்லாமே நோயைக் கொண்டுவந்ததாகவும் சொல்ல முடியாது. பரிசோதித்த காளைகளின் விந்தை வைத்துச் சினை ஊசி போடுவது, ஊர்ப் பொலிகாளையிடம் ஓட்டிப்போவதைவிடப் பாதுகாப்பானது. ஓட்டை இருப்பது சந்தையில். வீசிய மாட்டை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுபடி சினைப்படுத்தி 'நல்ல கறவை' என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவர் அந்த மாட்டோடு கிருமியையும் ஓட்டிக்கொண்டு போகிறார்.

வளர்க்கும் விதம் மாறும்போது நோய் புது வழி கண்டுபிடிப்பதற்கு மலேசியாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1998ல் ஈப்போ பக்கம் பெரிய பன்றிப் பண்ணைகள், கொட்டகையை ஒட்டியே மாமரம் முதலான பழமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்குப் போனது, பன்றியிடமிருந்து வேலையாட்களுக்குப் போனது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து முதலில் கொசுவை ஒழிக்கக் கிளம்பினார்கள். 100 பேருக்கு மேல் இறந்த பிறகுதான் அடங்கியது. நிப்பா என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். அங்கும் காய்ச்சலுக்கு முதலில் கிடைத்தது தப்பான பெயர்தான்.

நம் பக்கத்தில் அடுத்து எனக்குப் பயம் ஆட்டுப் பண்ணைகளைப் பற்றி. பரண் போட்டு ஐம்பது, நூறு என்று வளர்க்கிறார்கள். சிரோகி, பீட்டல் என்று வடக்கிலிருந்து லாரியில் இறக்குகிறார்கள். ஆட்டில் வரும் புருசெல்லா மாட்டில் வருவதைவிட மனிதரைக் கடுமையாகப் படுத்தும். முதலீடு போடுபவர் பரணுக்கு எத்தனை அடி உயரம் என்று கேட்கிறார், இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சினை மாடு வாங்குவதாக இருந்தால் பணத்தை எண்ணுவதற்கு முன் இரத்தம் எடுங்கள். கன்று போடும் சமயத்தில் பரிசோதனை சில நேரம் ஏமாற்றிவிடும், அதனால் ஈன்ற பிறகு இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதுவரை தனியாகக் கட்டுங்கள். மாடு வீசினால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அவசரத்துக்குப் பாலித்தீன் பையாவது மாட்டிக்கொள்ளலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். கன்றையும் கொடியையும் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

கொடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பால் பெருகும் என்று அதை வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அது பிடித்த வழக்கம். சுகமாக ஈன்ற மாட்டின் கொடியோடு அது நிற்கட்டும். வீசிய மாட்டின் கொடி மரத்துக்குப் போக வேண்டாம். சாக்கு நைந்து கீழே விழுந்தால் நாய் ஊரெல்லாம் இழுத்துப்போகும்.

பாசிட்டிவ் வந்த மாட்டை என்ன செய்வது? இங்கேதான் என்னிடம் நல்ல பதில் இல்லை. பல நாடுகளில் அரசே ஈட்டுத்தொகை கொடுத்து அந்த மாட்டைக் கழித்துவிடும். இங்கே நான் "விற்காதீங்க" என்றால், "அறுபதாயிரமுங்க, நீங்க தர்றீங்களா?" என்று அவர் கேட்டார். தனியாகக் கட்டி, மற்ற மாடுகளுக்குப் பிறகு கடைசியாகக் கறந்து, ஈற்றுச் சமயத்தில் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். இரண்டை அப்படித்தான் வைத்திருக்கிறார். மூன்றாவது எங்கே என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்.

தடுப்பூசி உண்டு. எஸ் 19 என்று பெயர். 4 முதல் 8 மாதத்துக்குள் இருக்கும் கிடாரிக் கன்றுக்கு ஒரே ஒரு முறை போட்டால் போதும். காளைக் கன்றுக்குப் போடக் கூடாது, சினை மாட்டுக்கும் கூடாது. 2019ல் மத்திய அரசு கோமாரிக்கும் இதற்கும் சேர்த்து 13,343 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்ததிலிருந்து இலவசமாகவே போடுகிறோம். அது உயிருள்ள கிருமி. கன்று துள்ளி ஊசி நம் கையில் குத்தினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ நமக்கே நோய் வரும். அப்படி ஒரு நண்பர் ஒன்றரை மாதம் மாத்திரை சாப்பிட்டதைத் தோட்டக்காரரிடம் ஒரு நாள் கதையாகச் சொல்லியிருந்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து போன். "கிடாரிக்கு நாலு மாசம் முடிஞ்சுதுங்க, ஊசிக்கு எப்ப வர்றீங்க?" புதன்கிழமை வருகிறேன் என்றேன். "கன்னை நான் நல்லாப் புடிச்சுக்கறனுங்க" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "டாக்டருங்க, நீங்க மறக்காம கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க" என்றார்.