லினன் என்றால் சணலா?

லினன் துணியைத் தமிழில் 'சணல்' என்று எழுதுவது மூன்றாவது தடவையாகக் கண்ணில் பட்டுவிட்டது. இனிச் சும்மா இருக்க முடியாது. மே மாதம் பழனி, மதுரை போகிறவர்களுக்காக இங்கே மொரீசியஸின் போர்ட் லூயியில் பயண முகவர் ஒருவர் அச்சடித்த துண்டுச்சீட்டு. கத்திரி வெயிலுக்கு என்னென்ன எடுத்துப்போவது என்ற பட்டியலில், 'இரவில் அணியச் சணல் உடைகள் சிறந்தவை' என்று ஒரு வரி. வாசித்துக் காட்டியதும் பெரியம்மா கேட்டார்: "நான் என்ன சீனி மூட்டையா, கோணியைச் சுத்திக்கிட்டுப் படுக்க?"

சீனி மூட்டை பெரியம்மாவுக்குத் தெரியாததா! ஒரு காலத்தில் இந்தத் தீவிலேயே வளரும் கற்றாழை மாதிரியான செடியின் நாரில் சாக்கு நெய்து சர்க்கரை கட்டினார்கள். உலகச் சந்தையில் அதற்கு 'மொரீசியஸ் சணல்' என்றே பெயர். அதுவும் சணல் இல்லை என்பது வேறு வேடிக்கை.

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி. அதன் தண்டு நாரில் நெய்தது லினன். பிரெஞ்சில் செடி 'லேன்', அந்தத் துணி 'லேன்ஜ்', அதிலிருந்து உள்ளாடைக்கு 'லான்ஜரி'. ஒரு காலத்தில் உடம்போடு ஒட்டிக் கிடந்தது இந்தத் துணிதான். அதன் பெயரே உடுப்புக்கும் நின்றுவிட்டது. இந்தத் தீவில் நாம் பேசும் கிரியோல் மொழியில் 'லாவ் லேன்ஸ்' என்று துணி துவைக்கிறோமே, அதுவும் இந்த வேர்தான்.

சணல் என்பதோ கயிறும் சாக்கும் திரிக்கிற நார். செடியே வேறு. 'இரண்டும் தண்டு நார்தானே' என்கிறார் ஒரு நண்பர். தேங்காயும் பனங்காயும்கூட மரத்தில்தான் காய்க்கின்றன. இன்னொருவர் 'துகில்' என்று போடச் சொல்கிறார். அழகான பழஞ்சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் துகில் என்றால் மெல்லிய நல்லாடை. என்ன நார் என்று அது சொல்லாது. வெயிலில் தூங்கப் போகிறவருக்கு நார்தானே முக்கியம்? காற்றின் ஈரத்தை ஆளி தன் எடையில் சுமார் 12% வாங்கிக்கொள்ளும், பருத்தி 8%. பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வை அப்படியே முதுகில் நிற்கும். பளபளக்கிற பாலியெஸ்டர் சாட்டினையும் 'துகில்' என்று விற்றால் யார் கேட்பது?

என் ஓட்டு 'ஆளித்துணி'க்கு. 'ஆளி என்றால் கோயில் தூணில் இருக்கிற யாளி அல்லவா' என்று சிரிக்கிறார்கள். ஆளிவிதை வாங்கும்போது யாருக்கும் யாளி ஞாபகம் வருவதில்லை. வாய்க்கு வரவில்லையா, லினன் என்றே எழுதுங்கள், குற்றமில்லை. தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். ஒரு விடுதி அறையில் 'சணல் தினமும் மாற்றப்படும்' என்று தொங்கியது. அங்கே லினன் என்றால் படுக்கை விரிப்பு, தலையணை உறை. அந்த விரிப்போ சுத்தப் பருத்தி! 1998இல் மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்குக் கொதித்து, நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். வரிசைக்கு இருந்த கோபத்தில் கால்வாசி சொல்லுக்கும் இருக்கலாம்.

ஆளித்துணியிலும் குறை உண்டு. சீக்கிரம் கசங்கும், இழுத்தால் கொடுக்காது, புதிதில் சற்று முரடு. அதனால் பெரியம்மாவின் பெட்டியில் உள்ளாடைக்குப் பருத்திப் பனியன் துணி. படுக்க மட்டும், நாலைந்து முறை துவைத்து மெதுவான, தொளதொளவென்ற ஆளித்துணி நைட்டி ஒன்று.

துண்டுச்சீட்டில் 'சணலை' அடித்து 'ஆளி' என்று எழுதி முகவரிடம் நீட்டினேன். நன்றி சொல்லி வாங்கி வைத்தார். இன்னும் ஐந்நூறு சீட்டு மீதி இருக்கிறதாம்.