சோறு போடுவதற்கு என்ன படிப்பு?

"சோறு போடுறதுக்கு எதுக்குங்க ரெண்டு வருஷப் படிப்பு?"

மகளை முதுநிலை சமூகப் பணியில் சேர்க்க வந்த ஓர் அப்பா என்னிடம் கேட்டது இது. குத்தலாகக் கேட்கவில்லை. ஊரில் கோயில் அன்னதானத்தை முன்நின்று நடத்துகிறவர், ஆயிரம் பேருக்குச் சமைத்துப் பந்தி விசாரித்துப் பழகியவர். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை. அட்மிஷன் நேரத்து நெரிசலில் நான் சொன்ன பதிலும் அரைகுறைதான். உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் ஷாங்காய் கதையைச் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன் என் கதை கொஞ்சம். 2004 சுனாமிக்கு அடுத்த வாரம் நாகப்பட்டினத்தில் ஒரு முகாமில் நான் டோக்கன் கட்டோடு நின்றேன். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. யாரும் அதைத் தொடவில்லை. கடலில் உழைத்துச் சாப்பிட்ட மனிதர்கள், அடுத்தவர் உடுத்திக் கழித்ததை எப்படி எடுப்பார்கள்? சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து நாறியது. எங்கள் பயனாளிப் பட்டியலோ ரேஷன் கார்டை வைத்துப் போட்டது. கணவனைப் பிரிந்து தனியாக இருந்த ஒரு அம்மாவுக்குக் கார்டு இல்லை, அதனால் பெயரும் இல்லை. மூன்று நாள் வரிசையில் நின்று மூன்று நாளும் திரும்பிப் போனார். பேனா என் கையில்தான் இருந்தது. "பட்டியல்ல இல்லம்மா" என்று சொன்ன வாயும் என்னுடையதுதான். நல்ல மனசு அன்றைக்கு என்னிடம் நிறையவே இருந்தது. வேலைதான் தெரியவில்லை.

சரி, ஷாங்காய்.

1938-லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியாவை விட்டுத் தப்பி ஓடிய யூதர்களுக்கு எந்த நாடும் லேசில் விசா தரவில்லை. விசா இல்லாமல் இறங்க முடிந்த ஒரே பெரிய துறைமுகமாக ஷாங்காய் இருந்தது. சுமார் 20,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கையில் காசில்லாதவர்கள் ஹோங்க்யூ பகுதியில் 'ஹைம்' என்று சொல்லப்பட்ட பொதுக் கூடங்களில் வரிசைக் கட்டில்களில் கிடந்தார்கள். வியன்னாவில் வக்கீலாக இருந்தவர், பெர்லினில் கடை வைத்திருந்தவர், எல்லோரும் தகரத் தட்டோடு ஒரே வரிசை. அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது நியூயார்க்கில் இருந்த ஒரு யூத நிவாரண அமைப்பு. முழுப் பெயர் நீளமானது: அமெரிக்க யூதக் கூட்டு விநியோகக் குழு. உலகமெங்கும் ஆட்கள் சுருக்கமாக 'ஜாயின்ட்' என்பார்கள். முதல் உலகப் போர் வெடித்த 1914 ஆகஸ்டில், ஒட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தோ நியூயார்க்குக்கு ஒரு தந்தி அடித்தார். பாலஸ்தீனத்து யூதர்கள் பட்டினியில் இருக்கிறார்கள், 50,000 டாலர் தேவை என்று. அந்தப் பணத்தைத் திரட்டிய கையோடு, நவம்பரில் பிறந்த அமைப்பு அது.

பணம் போகிறது, சாப்பாடு பரிமாறுகிறார்கள், ஆனாலும் ஷாங்காயிலிருந்து புகார் வந்தபடியே இருந்தது. உள்ளூர்க் கமிட்டிகளுக்குள் சண்டை, கணக்கில் குழப்பம். 1941-இல் ஜாயின்ட் அங்கே அனுப்பியது லாரா மார்கோலிஸ் என்ற பெண்ணை. மதகுருவும் இல்லை, செல்வந்தரும் இல்லை, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர். அதற்கு முன் ஹவானாவில் வேலை பார்த்தவர். 1939-இல் 900-க்கும் மேற்பட்ட அகதிகளோடு வந்த செயின்ட் லூயிஸ் கப்பலைக் கியூபா திருப்பி அனுப்பியபோது அங்கேயே இருந்தவர். அந்த ஒரு காட்சியைப் பார்த்தவருக்கு, பணமும் பரிதாபமும் மட்டும் எதையும் நடத்திவிடாது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஷாங்காயில் அவர் கண்ணில் பட்டது அடுப்பு. விறகும் நிலக்கரியும் கொட்டிக் கொட்டிப் பழைய முறையில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த பணத்தில் கணிசமான பங்கு புகையாகப் போனது. அகதிகளிலேயே பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களை வைத்து, பெரிய பாய்லர்கள் பூட்டி நீராவியில் சமைக்கும் சமையற்கூடம் ஒன்றை உருவாக்கும் வேலையில் இறங்கினார். எரிபொருள் செலவு குறைந்தால் அதே காசில் இன்னும் பல தட்டு நிறையும். அன்னதானம் நடத்தும் அந்த அப்பாவிடம் இதைச் சொல்லியிருந்தால் உடனே பிடித்துக்கொண்டிருப்பார். கேஸ் செலவுதான் அவருக்கும் தலைவலி.

அப்புறம் 1941 டிசம்பர் வந்தது. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியது, ஷாங்காய் முழுக்க ஜப்பானியர் கைக்குப் போனது. ஒரே நாளில் அமெரிக்கரான மார்கோலிஸ் எதிரி நாட்டுப் பிரஜை ஆனார். நியூயார்க்கிலிருந்து வரும் பணம் நின்றது. எதிரி வசமுள்ள ஊருக்குப் பணம் அனுப்ப அமெரிக்கச் சட்டமே இடம் தரவில்லை. தினமும் சுமார் 8,000 பேர் அந்தச் சாப்பாட்டை நம்பியிருந்தார்கள்.

அவர் செய்ததை நான் வகுப்பில் படிப்படியாக விவரிப்பேன். போருக்குச் சற்று முன் நியூயார்க் அவருக்கு ஒரு அனுமதி கொடுத்திருந்தது. உள்ளூரிலேயே 1,80,000 டாலர் வரை கடன் வாங்கலாம், போர் முடிந்ததும் ஜாயின்ட் திருப்பித் தரும். ஆனால் எதிரி நாட்டுக்காரி ஊரில் கடன் திரட்டப் புறப்பட்டால் ஜப்பானியர் சும்மா இருப்பார்களா? ஒளித்துச் செய்யவில்லை. அகதிகள் விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானியக் கடற்படை கேப்டன் இனுசுகாவிடமே நேராகப் போனார். பசித்த கூட்டம் ஊரில் கலவரம் செய்தால் உங்களுக்குத்தானே தொல்லை என்கிற கோணத்தில் பேசினார். அனுமதி கிடைத்தது. ஷாங்காயில் வாழ்ந்த ரஷ்ய யூதர்கள் போன்ற, ஜப்பானோடு போரில் இல்லாத பிரிவினரிடம் வெறும் வாக்குறுதியின் பேரில் கடன் திரட்டினார். இரக்கத்தைக் காட்டிப் பிச்சை கேட்பதும், எதிராளியின் லாபம் எது என்று பார்த்துப் பேசுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

கடன் வந்தும் எல்லோருக்கும் போதவில்லை. பட்டியலைச் சுருக்க வேண்டி வந்தது. நேற்றுவரை சாப்பிட்டவரிடம் இன்று இல்லை என்று சொல்வது. இந்தத் தொழிலில் இதைவிடக் கொடிய வேலை எனக்குத் தெரிந்து இல்லை. யாருக்கு நிறுத்துவது, எந்த அளவுகோலில் நிறுத்துவது, அதை யார் முகத்துக்கு நேராகச் சொல்வது என்பதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. முறை இல்லாவிட்டால் சத்தம் போடுகிறவருக்குத் தட்டு நிறையும், வாயில்லாதவர் வெறும் தட்டோடு திரும்புவார். என் முகாமில் நடந்ததும் அதுதான்.

இன்னொன்றும் செய்தார். தான் எந்த நாளும் கைதாகலாம் என்று தெரிந்து, சமையற்கூடத்தை அகதிகளே நடத்தும்படி பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். 1943 தொடக்கத்தில் அவரைச் சிறைமுகாமில் அடைத்தபோது அடுப்பு அணையவில்லை. நம் பக்கத்தில் எத்தனை நிவாரணத் திட்டங்கள், ஒருங்கிணைப்பாளர் மாறுதலாகிப் போன மறுவாரமே படுத்துவிடுகின்றன!

வெளிநாட்டிலிருந்து போனவர் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் பேசியதாகும். உள்ளூர்ப் பணியாளர்களை மீட்டுக் கூட்டிப்போகக் கப்பல் வராது. வார்சாவில் ஜாயின்ட்டுக்காக வேலை செய்த இமானுவேல் ரிங்கெல்ப்ளும் ஒரு வரலாற்று ஆசிரியர். 1938-இல் ஜெர்மனி துரத்திவிட்ட போலந்து யூதர்கள் எல்லையோர ஊரான ஸ்பான்சினில் குதிரை லாயங்களில் குளிரில் கிடந்தபோது, ஜாயின்ட் அவரை அங்கே அனுப்பியது. சில வாரங்கள் இருந்து சமையற்கூடம், துணி, கடிதப் போக்குவரத்து எல்லாம் ஏற்பாடு செய்தார். பிறகு நாஜிகள் யூதர்களைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்த வார்சா கெட்டோவுக்குள் அடைபட்டும் அதே வேலை. அவர் சொன்னதால் ராஹெல் ஆவர்பாக் என்ற எழுத்தாளர் கெட்டோவில் ஒரு சூப் கூடத்தை நடத்தினார். போர் முடிந்தும் உயிரோடு இருந்த சிலரில் அவர் ஒருவர். அந்த சூப்பை மட்டும் நம்பி வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போனதை ஒளிக்காமல் எழுதினார். நிவாரண அறிக்கைகளில் இப்படி ஒரு நேர்மையை நான் அதிகம் பார்த்ததில்லை. 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருக்கும், 'எங்களால் முடியாமல் போனது' என்று ஒரு கட்டம் இருக்காது.

பகலில் நிவாரண வேலை, மறைவில் இன்னொரு வேலை: ரிங்கெல்ப்ளுமும் தோழர்களும் கெட்டோவின் அன்றாடத்தைத் தாள் தாளாகச் சேர்த்தார்கள். ரேஷன் அட்டை, மிட்டாய் உறை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, இறந்தோர் கணக்கு. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். ஜாயின்ட்டின் போலந்து இயக்குநர் ஐசக் கிட்டர்மனை 1943 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். ரிங்கெல்ப்ளும் 1944 மார்ச்சில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். பெட்டிகள் 1946-இலும், இரண்டு பால் கேன்கள் 1950-இலும் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கிடைத்தன.

நிவாரணப் பணியாளரைச் சந்தேகிப்பதும் பழைய நோய். 1920-இல் போலந்து-சோவியத் போர் நடந்த உக்ரைனில், யார்மோலின்ட்ஸி ஊருக்கருகே ஜாயின்ட் பணியாளர் இருவர் கொல்லப்பட்டார்கள்: பேராசிரியர் இஸ்ரேல் ஃபிரீட்லேண்டர், இளம் யூத மதகுரு பெர்னார்ட் கேன்டர். அமெரிக்க ராணுவச் சாயலில் சீருடை போட்டிருந்தார்கள். போலந்து அதிகாரிகள் என்று நினைத்துச் செம்படையினர் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மாணவர்களிடம் உடுப்பைப் பற்றிப் பேசுவேன். களத்தில் காக்கிப் பேன்ட், ராணுவப் பச்சை, பல பை வைத்த ஜாக்கெட் எல்லாம் வேண்டாம். ஸ்டைலுக்காக உயிரை விடக் கூடாது. சோவியத்தில் அது அதோடு முடியவில்லை. ஜாயின்ட்டின் வேளாண் பிரிவு 1924 முதல் கிரீமியாவிலும் உக்ரைனிலும் டிராக்டரும் விதையும் கொடுத்து யூத வேளாண் குடியிருப்புகளை உருவாக்கியது. 1937-38-இல் ஸ்டாலின் ஆட்சி அதன் உள்ளூர் ஊழியர்களில் பலரைக் கைது செய்து கொன்றது. 1953 ஜனவரியில் மாஸ்கோ மருத்துவர்களைச் சதிகாரர்கள் என்று குற்றம்சாட்டியபோது, அவர்களை ஏவியதாகச் சொன்ன பெயரும் 'ஜாயின்ட்' தான். மார்ச்சில் ஸ்டாலின் செத்தார், ஏப்ரலில் மருத்துவர்களை விட்டுவிட்டு வழக்கே பொய் என்றார்கள்.

"யூதர்களுக்கு யூதர்கள் செய்வதுதானே, இதில் என்ன பொதுநலம்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொடக்கம் அப்படித்தான், அதில் தவறும் இல்லை. வேறு யாரும் வராத இடத்தில் சொந்தக்காரன்தான் வருவான். ஆனால் 1992-இல் போஸ்னியப் போரில் அதன் தலைநகர் சாரயேவோ முற்றுகைக்குள் சிக்கியபோது, அந்த ஊர் யூதர்களின் லா பெனெவோலென்சியா என்ற சங்கம் மருந்தகமும் சமையற்கூடமும் நடத்தியது. ஜாயின்ட் அதற்குத் துணை நின்றது. கவுன்டரில் முஸ்லிம், செர்பியர், குரோவேசியர், யூதர் என்று எல்லோரும் வேலை செய்தார்கள், வரிசையிலும் எல்லோரும் நின்றார்கள். யார் பக்கமும் சேராத சிறு கூட்டம் என்பதாலேயே மூன்று தரப்பும் அவர்களை நம்பியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஜாயின்ட் இந்தியாவிலும் இலங்கையிலும்கூட வேலை செய்திருக்கிறது.

சம்பளப் பேச்சுக்கு வருகிறேன், அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. "தொண்டு செய்றவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்காத நன்கொடையாளர் இல்லை. மார்கோலிஸ் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அதனால்தான் அவரிடம் அறிக்கை கேட்க முடிந்தது, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற முடிந்தது. ஓசியில் வருகிறவரிடம் கணக்கு கேட்க நமக்கே கூச்சம். அடுத்த வெள்ளத்துக்கோ புயலுக்கோ பணம் கொடுப்பதற்கு முன் அந்த அமைப்பிடம் இதையெல்லாம் விசாரியுங்கள்: பட்டியலை யார் போடுகிறார்கள், விடுபட்டவர் எங்கே போய் முறையிடுவது, உள்ளூர் ஊழியருக்கு லீவும் காப்பீடும் உண்டா. நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும்.

மார்கோலிஸ் 1943 செப்டம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். அவரை ஏற்றிய ஜப்பானியக் கப்பல் தெய்யா மாரு அக்டோபரில் வந்து நின்ற இடம் நம் மேற்குக் கரை: அன்று போர்த்துகீசியரிடம் இருந்த கோவாவின் மர்மகோவா துறைமுகம். அங்கே கிரிப்ஸ்ஹோம் என்ற ஸ்வீடன் கப்பலுக்கு மாறினார்கள். கடன் கணக்கையெல்லாம் கழிப்பறைத் தாளில் பொடி எழுத்தில் எழுதி, சுருட்டி, உள்ளாடையின் எலாஸ்டிக்குக்குள் திணித்து வைத்திருந்தார். டிசம்பர் 1-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கும்போதும் அது அங்கேயே இருந்தது.