பவளத்துக்கு முன்பக்கம் எது?

பவளத்தின் லார்வாவுக்குப் பிளானுலா என்று பெயர். அரிசியை விடச் சின்னது, உடம்பெல்லாம் நுண்ணிய மயிர், அதை அசைத்து அசைத்து நீந்தும். நீந்தும்போது எந்த முனை முன்னால் போகிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும்: வாய் பின்னால் இருக்கிறது, வாய் இல்லாத முனைதான் வழி தேடிக்கொண்டு முன்னால் போகிறது. தோதான இடம் கிடைத்ததும் அந்த முன் முனையையே பாறையில் ஒட்டிக்கொண்டு, வாயை மேலே வைத்து, ஆயுசு முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

சரி, இதில் தலை எது, வால் எது? வெளியே பார்த்து முடிவு கட்ட முடியாது. கரு வளரும்போது எந்த மரபணு எந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கப் பவளத்தை விட அதன் நெருங்கிய சொந்தமான ஒரு கடல் சாமந்திதான் வசதி. நெமடோஸ்டெல்லா என்று பெயர், வட அமெரிக்கக் கடலோர உப்பங்கழிச் சேற்றில் புதைந்து வாழும் சின்ன உயிர். பெரும்பாலான அக்ரோபோரா பவளங்கள் வருஷத்தில் சில இரவுகள்தான் முட்டை விடும், அந்த இரவைத் தவறவிட்டால் ஆராய்ச்சி அடுத்த வருஷம்தான். நெமடோஸ்டெல்லாவையோ வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மாற்றியே ஆய்வகத்தில் அடிக்கடி முட்டையிட வைத்துவிடலாம். 2007-இல் அதன் மொத்த மரபணுத் தொகுதியும் வெளிவந்தது. பவளத்தின் உடலமைப்பு கருவில் எப்படி உருவாகிறது என்பது பற்றி இன்று தெரிந்தவற்றில் நிறைய இந்தச் சேற்று உயிரிடமிருந்து வந்ததுதான்.

அதன் கருவில் வாய் வரப்போகும் முனையில் விண்ட் என்ற புரதங்கள் சுரக்கின்றன. அவை செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் என்ற இன்னொரு புரதத்தைச் சிதையாமல் காக்கின்றன. அது எங்கே அதிகமோ அங்கே வாய்க்கான மரபணுக்கள் விழிக்கும், குறையக் குறைய உடம்பின் நடுப்பகுதி, கடைசியில் எதிர்முனை. நம் முதுகெலும்பிகளின் கருவில் இதே விண்ட் எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது தெரியுமா? வால் பக்கம். அதோடு நம் தலையின் முன்பகுதியை உருவாக்க உதவும் சிக்ஸ்-3 மரபணுவின் சொந்தக்கார மரபணு, கடல் சாமந்தியில் வாய்க்கு எதிர்முனையில்தான் விழிக்கிறது. அதாவது மரபணுக் கணக்கில் அது தன் 'தலைப் பக்கத்தை' அடியில் வைத்துக்கொண்டு வாழ்கிறது. அதற்கு மூளை இருந்தது, தொலைத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. உடம்புக்கு இரண்டு முனைகளைக் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடு தலையை விடப் பழையது, அவ்வளவுதான்.

இந்த வாய் முனையின் அதிகாரத்தை முதலில் காட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் எதெல் பிரௌன், 1909-இல். பவளத்தின் சொந்தமான, நன்னீரில் வாழும் சின்ன உயிர் ஹைட்ரா. ஒரு ஹைட்ராவின் வாய்ப்பகுதியிலிருந்து துளி திசு எடுத்து இன்னொரு ஹைட்ராவின் விலாவில் நட்டார். அங்கே புதிதாக ஓர் உடம்பே கிளம்பியது, உணர்கொம்புகளோடு. பச்சை ஹைட்ராவையும் நிறமில்லாத ஹைட்ராவையும் சேர்த்து ஒட்டியதால், வந்து சேர்ந்த திசு தான் மட்டும் வளராமல் அந்த வீட்டுக்காரரின் செல்களையே வேலை வாங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஜெர்மன் கருவியலாளர்கள் ஸ்பெமானும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் என்ற பல்லி மாதிரியான நீர்நில உயிரின் கருவில் இதையே காட்டிப் புகழ் பெற்றது 15 வருஷம் கழித்து, 1924-இல். பிரௌனின் பெயர் பல பாடப்புத்தகங்களில் வராதது எனக்கு இன்றும் வருத்தம். இன்று ஒரு வேதிப்பொருளால் பீட்டா-கேட்டனினை உடம்பெங்கும் கூட்டிவிட்டால், ஹைட்ராவின் உடல் முழுக்க உணர்கொம்பு முளைப்பதைப் பார்க்கலாம்.

வாயிலிருந்து அடிவரை போகும் இந்தக் கோடு உடம்பின் ஓர் அச்சுதான். பவளம், கடல் சாமந்தி, ஹைட்ரா எல்லாம் சேர்ந்த குழியுடலிகளுக்கு ஆரச் சமச்சீர், சக்கரம் மாதிரி, எப்படி வெட்டினாலும் சரிபாதி என்று பள்ளியில் படித்திருப்போம். நெமடோஸ்டெல்லாவைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அப்படி இல்லை. தொண்டை வட்டமாக இல்லை, தட்டையாக ஒரு பிளவு. அதைச் சுற்றி எட்டுத் தடுப்புச் சுவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் தடித்த தசை. தசைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால், ஒரே ஒரு கோட்டில் வெட்டினால்தான் இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பொருந்தும் என்பது புரியும். வாயிலிருந்து அடிவரை போகும் அச்சுக்குக் குறுக்காக இன்னோர் அச்சு ஒளிந்திருக்கிறது.

அதை அமைப்பது பி.எம்.பி. என்ற புரதம், நம் முதுகையும் வயிற்றையும் பிரிக்கும் அதே புரதம். தவளையில் பி.எம்.பி. ஒரு பக்கம், அதை அடக்கும் கார்டின் என்ற புரதம் எதிர்ப்பக்கம், கணக்கு எளிது. கடல் சாமந்தியில் இரண்டு மரபணுவும் ஒரே பக்கம் விழிக்கின்றன, ஆனால் பி.எம்.பி.யின் வேலை நடப்பது எதிர்ப்பக்கத்தில்! அடக்கும் கார்டினை எடுத்துவிட்டால் பி.எம்.பி.யின் வேலை அதிகமாக வேண்டாமா? அடியோடு நின்றுவிடுகிறது. எப்படி? கைது செய்து கூட்டிக்கொண்டு போய் ஊர் எல்லையில் அவிழ்த்துவிடுவது மாதிரி, கார்டின் பி.எம்.பி.யைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போய் அங்கே அவிழ்த்துவிடுகிறது. 2025-இல் வியன்னா பல்கலைக்கழகக் குழு இதைச் சோதித்தது: நகர முடியாதபடி செல் சவ்வில் கட்டிப்போட்ட கார்டின் உதவவில்லை, நகரும் கார்டின்தான் உதவியது. ஈயும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது.

பி.எம்.பி. சொல்லும் இடத்தைப் பொறுத்து ஹாக்ஸ் மரபணுக்கள் படிப்படியாக விழிக்கின்றன. ஈயின் தலையில் கொம்பு வர வேண்டிய இடத்தில் கால் முளைக்க வைத்த குடும்பம் இது. நம்மில் தலையிலிருந்து வால்வரை எந்த இடத்தில் எந்த உறுப்பு என்று சொல்பவை இங்கே குறுக்கச்சில் வேலை செய்கின்றன. 2018-இல் அமெரிக்காவின் ஸ்டோவர்ஸ் ஆய்வு நிறுவனக் குழு இவற்றை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்தபோது, எட்டு அறைகளின் எல்லைகள் குழம்பின, வழக்கமாக நான்காக வரும் முதல் உணர்கொம்புகளின் எண்ணிக்கையும் வடிவமும் மாறின.

கருவிகள் அதே, கம்பி இணைப்பு வேறு. இதை வைத்துத்தான் இன்றும் சண்டை. பவளத்துக்கும் நமக்கும் பொதுவான, 60 கோடி வருஷத்துக்கு முந்தைய மூதாதைக்கே இரண்டு அச்சும் இருந்தன, ஹைட்ராவும் ஜெல்லி மீனும் பின்னால் ஒன்றை இழந்துவிட்டன என்பது ஒரு கட்சி. பழைய கருவிகளை எடுத்து இரண்டு கிளைகளும் தனித்தனியாகக் குறுக்கச்சைக் கட்டிக்கொண்டன என்பது இன்னொரு கட்சி. ஈயும் கடல் சாமந்தியும் கார்டினை வண்டியாக ஓட்டுவதைப் பார்த்தபிறகு நான் முதல் கட்சிப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் ஹைட்ராவின் உடம்பில் அந்தக் குறுக்கச்சின் தடயமே தெரியவில்லையே என்று அடுத்த கட்சி கேட்கும்போது, சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை.